மைக் செட்காரரிடம் கேளுங்கள்: லினக்ஸில் நெட்வொர்க் ஆடியோ

நாகர்கோவிலில் மைக் செட் தொழில் எனக்கு. பல மைக் வயர்களை ஒன்றாகக் கட்டிய தடியான ஸ்னேக் கேபிளை விட்டு லேன் கேபிளுக்கு மாறி நாளாயிற்று. லினக்ஸில் ஒலியைக் கையாளும் ஜாக், பைப்வயர் புரோகிராம்கள், நெட்வொர்க்கில் ஒலி அனுப்பும் ஏஇஎஸ்67 தரம் பற்றிக் கேளுங்கள். வைஃபை பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

மார்த்தாண்டம், கல்லூரி மாணவர்: அண்ணே, எங்கள் சர்ச்சில் பலிபீடத்துப் பக்கம் ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர், அதில் 16 மைக். பால்கனியில் இன்னொன்று, அதன் சவுண்ட் கார்டிலிருந்து ஸ்பீக்கர். நானே எழுதிய புரோகிராம் யுடிபி என்னும் நெட்வொர்க் முறையில் ஒலியை அனுப்புகிறது. ஏறக்குறைய நிமிஷத்துக்கு ஒருமுறை 'டக்' என்கிறது. பஃபரை (ஒலித் துண்டுகள் காத்திருக்கும் இடத்தை) 128-லிருந்து 256 ஆக்கினால் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை. கேபிள், சுவிட்ச் எல்லாம் மாற்றிவிட்டேன்.

விடை உன் கேள்வியிலேயே இருக்கிறது தம்பி. கேபிள் கெட்டிருந்தால் நேரம் காலம் பார்க்காமல் வெடிக்கும். மணி அடித்தமாதிரி வந்தால் அது கடிகாரம்தான். ஒவ்வொரு சவுண்ட் கார்டிலும் கடிகாரமாக ஒரு கிரிஸ்டல். இரண்டுமே நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலித் துண்டு) என்று சொல்லிக்கொள்ளும், ஆனால் இரண்டும் ஒத்துப்போகாது. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் என்றால்கூட நொடிக்கு 2.4 சாம்பிள். 128 சாம்பிள் தீர 53 நொடி. அதுதான் உன் 'டக்'. பஃபரைக் கூட்டினால் அது தள்ளிப்போகுமே தவிர, போகாது.

பால்கனியில் ரெக்கார்டிங் மட்டும் என்றால், ஜாக்கை நெட்வொர்க்கில் நீட்டும் நெட்ஜாக் போதும். அந்தக் கம்ப்யூட்டரை சவுண்ட் கார்டு இல்லாமல் நெட் டிரைவரில் ஓடவிடு, மைக் பக்கத்துக் கடிகாரத்துக்கே நடக்கும். உனக்கு அங்கேயும் கார்டு இருக்கிறது. அதனால் சீட்டா-என்ஜேபிரிட்ஜ் என்ற புரோகிராம். வாங்கும் பக்கத்தில் வித்தியாசத்தைப் பார்த்துப் பார்த்து ரீசாம்பிள் செய்யும் (சாம்பிள்களை இந்தப் பக்கத்துக் கடிகாரத்துக்குத் தக்கபடி மாற்றும்), 64 சேனல் வரை தாங்கும். கார்டுகளில் வேர்ட் கிளாக் துளை (ஒரு கார்டின் கடிகாரத்தை இன்னொன்றுக்குக் கொடுப்பது) இருந்தால் ஒரு பிஎன்சி கேபிளில் கதை முடிந்தது.

கொட்டாரம்: 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை என்றால் பரவாயில்லையா?

இல்லை.

தக்கலை: டான்டே லினக்ஸில் ஓடுமா?

நெட்வொர்க்கில் ஒலி அனுப்பும் டான்டே, ஆஸ்திரேலியாவின் ஆடினேட் கம்பெனியுடைய மூடிய சரக்கு. பல டான்டே கருவிகளில் ஏஇஎஸ்67 மோடு உண்டு. 2013-இல் வந்த பொதுத் தரம் அது. அந்த வழியாக லினக்ஸோடு பேச வைக்கலாம். பிடிபி கடிகாரம் (நெட்வொர்க் வழியே நேரத்தை ஒத்துவைக்கும் முறை) வேண்டும், நெட்வொர்க் கார்டு ஹார்டுவேர் டைம்ஸ்டாம்ப் (நேர முத்திரை) தருமா என்று பார்த்து வாங்குங்கள்.

குலசேகரம்: கோயிலுக்கும் மண்டபத்துக்கும் நடுவே 80 மீட்டர். 100 வரை கேபிள் போகும்தானே?

போகும், இடியும் அதே கேபிளில் வரும். ஐப்பசியில் உங்கள் பக்கம் எப்படி இடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு ஒரே இரவில் இரண்டு சுவிட்ச் போயிற்று. கட்டிடம் விட்டுக் கட்டிடம் என்றால் ஃபைபர்.

தோவாளை: எங்கள் வில்லுப்பாட்டுக் குழுவுக்குப் பஃபர் 64 வைத்தே ஆக வேண்டுமா? 10 மில்லிசெகண்ட் தாமதம் காதுக்குத் தெரியுமா?

64 என்றால் 1.33 மில்லிசெகண்ட். உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று, நடுவில் நெட்வொர்க், கன்வெர்ட்டர் என்று கூட்டிக்கொண்டே போகும். 10-ஐத் தொடவிடாதீர்கள்.

சுசீந்திரம்: சார், இது வீண் பயம். 10 மில்லிசெகண்டில் ஒலி மூன்றரை மீட்டர்கூடப் போகாது. மேடையில் உடுக்குக்காரர் அந்தத் தூரத்தில் உட்கார்ந்து தாளம் தவறாமல் அடிக்கவில்லையா?

கணக்கு சரி, இடம் தப்பு. அடுத்தவர் அடிப்பது 10 பிந்தினால் யாருக்கும் நோகாது. தன் குரலே பிந்தினால்தான் வம்பு. அண்ணாவி (குழுவின் தலைமைப் பாடகர்) இயர்போன் மாட்டிப் பாடுகிறார். அவர் குரல் எலும்பு வழியாக உடனே காதுக்குப் போய்விடும். இயர்போனில் அதே குரல் கொஞ்சம் பிந்தி வரும். இரண்டும் மோதினால் சில சுருதிகள் அடிபட்டு, குடத்துக்குள் தலையை விட்டுப் பாடினமாதிரி இருக்கும். 3, 4 மில்லிசெகண்டிலேயே முகம் சுளிப்பார்கள்.

சுசீந்திரம்: அப்போ இயர்போன் இல்லாமல் மானிட்டர் பாக்ஸ் வைத்தால்?

அப்போது நீங்கள் சொல்வது சரி. வீசுகோல் வில்லில் படும் சத்தம் நேராகவே கேட்கிறது, 10 தாராளம். ஆனால் இப்போதெல்லாம் எல்லாருக்கும் இயர்போன்தான் வேண்டும்.

தோவாளை: எங்களுக்குப் பாக்ஸ்தான் சார்.

முதலிலேயே சொல்லக் கூடாதா! 128 வைத்து நிம்மதியாக இருங்கள்.

குளச்சல்: தம்பி துபாயில் கீபோர்டு. ஜாக்டிரிப் வைத்துச் சேர்ந்து வாசிக்கலாமா?

ஜாக்டிரிப் இணையம் வழியே சேர்ந்து வாசிக்கும் புரோகிராம், நல்ல சாமான், ஸ்டான்ஃபோர்டு ஆட்கள் செய்தது. ஆனால் துபாய் நேர்கோட்டிலேயே ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். ஃபைபரில் ஒளிக்கே போக 15 மில்லிசெகண்ட், உண்மையில் வழி சுற்றிப் போகும். மெதுவான கீர்த்தனை வாசிக்கலாம், சிங்காரி மேளம் நடக்காது.

இரணியல்: ஆர்டி கெர்னல் தனியாகப் போடணுமா?

கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி, ஆர்டி என்பது வேலையை நேரம் தவறாமல் நடத்தும் வசதி. 2024-இல் வந்த 6.12 பதிப்பிலிருந்து அது லினக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. முதலில் சாதாரண கெர்னலில் பாருங்கள், பல பேருக்கு அதுவே போதும்.

முட்டம்: வைஃபை 6 வந்துவிட்டதே அண்ணே, அதில்...

லேன் கேபிள் மீட்டர் என்ன விலை என்று கடையில் கேட்டுப் பார் தம்பி. முனையைப் பெட்டிக்குள் மூடி வை, உங்கள் ஊர்க் கடற்காற்றில் பச்சை பிடித்துவிடும்.