மேசையில ஆடுற போன், மண்ணில கீறுற லென்ஸ்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: புதுசா வாங்கின போனில கமரா பின்பக்கம் துருத்திக்கொண்டு நிக்குது, மேசையில வச்சு டைப் பண்ணேக்க டக் டக்கெண்டு ஆடுது. போனையே கொஞ்சம் தடிப்பாச் செய்தா கமராவும் உள்ளுக்க போயிடும், பற்றறியும் பெருசா வைக்கலாம். கம்பனிக்காரர் ஏன் அப்பிடிச் செய்யினமில்லை?
(மாணவி, உப்புவெளி)

பதில்: இதைக் கனபேர் கேக்கினம் தங்கச்சி. கமராக்குள்ள வெளிச்சத்தைப் பிடிக்கிற சென்சர் இருக்கு, அது பெருசா இருந்தா கூட வெளிச்சம் பிடிக்கும், இருட்டில எடுத்த படம் பொரி பொரியா வராது. ஆனா சென்சர் பெருசாக ஆக லென்ஸுக்கும் அதுக்கும் இடையில தூரமும் கூடவேணும், ஏனெண்டா அதே காட்சியை இப்ப பெரிய இடத்தில விழுத்தவேணும், அந்தத் தூரத்தை எந்த சொப்ட்வெயராலயும் குறைக்கேலாது. 2013 இல வந்த நொக்கியா லூமியா 1020 இல 41 மெகாபிக்சல் கமரா, பின்னால வட்டமா ஒரு மேடு. அடுத்த வருசம் வந்த ஐபோன் 6, 6.9 மில்லிமீற்றர் தடிப்புத்தான், அதிலயும் லென்ஸ் கொஞ்சம் வெளியில வந்திட்டுது. அதுக்குப் பிறகு மேடு கூடிக்கொண்டுதான் போகுது, 2022 இல ஷாவ்மி 12எஸ் அல்ட்ராவில ஒரு அங்குல வகை சென்சரே வச்சினம்.

தூரத்தில நிக்கிறதை இழுத்து எடுக்கிற சூம் லென்ஸுக்கு மட்டும் ஒரு வழி கண்டுபிடிச்சினம். உள்ளுக்க ஒரு பிரிசம் வச்சு வெளிச்சத்தைப் பக்கவாட்டில திருப்பி, லென்ஸை போனுக்குள்ள படுக்க வச்சிட்டினம், 2019 இல ஹுவாவே பி30 ப்ரோ அப்பிடித்தான் வந்தது. முழுப் போனையும் மேட்டளவுக்குத் தடிப்பாக்கினா கண்ணாடி, பற்றறி எல்லாம் சேந்து கனம் கூடிடும், படுத்திருந்து பாக்கேக்க கை உளையும். என்னைக் கேட்டா ஒரு மில்லிமீற்றர் கூட்டி பற்றறியைப் பெருசாக்கிறது நல்லம் எண்டுதான் சொல்லுவன், ஆனா பெரிய சென்சர் உள்ள போனில அதால மேடு முழுக்க மறையாது.

ஆட்டத்துக்கு வழி இருக்கு. மூலையில கமரா இருந்தாத்தான் ஆடும், கூகுள் பிக்சல் 6 மாதிரி குறுக்கால பட்டியா இருந்தா ஆடாது. உங்கட போனுக்குக் கவர் வாங்கேக்க, கவரைப் போட்டு கடைக் கண்ணாடி மேசையில மல்லாக்க வச்சு கமரா இல்லாத மூலையை விரலால அமத்திப் பாருங்கோ, டக்கெண்டு சத்தம் வந்தா வேற கவர் கேளுங்கோ.

கேள்வி: நிலாவெளியில படகு ஓடுறன், புறாத்தீவுக்கு ஆக்களைக் கூட்டிக்கொண்டு போறனான், கமரா கண்ணாடியில சின்னச் சின்னக் கீறல். லென்ஸுக்கு மேல ஒட்டுற கண்ணாடி போடச் சொல்லுறார் கடைக்காரர். போடவோ?
(படகோட்டி, நிலாவெளி)

பதில்: அண்ணை, நீங்கள் நிக்கிற இடத்தில மண்தான் எதிரி. கடற்கரை மண்ணில கிடக்கிற குவாட்ஸ், கடினத்தைக் காட்டுற மோஸ் அளவில 7, வடக்கால புல்மோட்டைப் பக்கம் போனா இல்மனைற், ரூட்டைல், சேர்க்கன் எல்லாம் கலந்த கனிம மண், அதில சேர்க்கன் 7.5. சாதாரண கண்ணாடி 6க்குக் கிட்டத்தான், அப்ப மண் கண்ணாடியைக் கீறத்தான் செய்யும். சில போனில லென்ஸுக்கு மேல நீலக்கல்லுக் கண்ணாடி போடுறவை, அது 9, அதை மண் லேசில கீறாது. ஆனா கனக்கப் போனுக்கு வெறும் கண்ணாடிதான். மேடு உள்ள போனை மல்லாக்க வச்சா முதல்ல தரையில படுறதே அந்தக் கண்ணாடி, அதால படகுப் பலகையில கவர் இல்லாமல் அப்பிடி வைக்கவே வேண்டாம்.

ஒட்டுற கண்ணாடியை நான் விரும்பிறேல்லை. புதுசில பகல் படம் நல்லாத்தான் வரும், பிறகு இரண்டு கண்ணாடிக்கும் நடுவில தூசியும் உப்புப் பூச்சும் போயிருந்து படம் மங்கிடும். இரவில கோணேசர் கோயில் பக்கம் விளக்குகளை எடுத்துப் பாத்தா, அந்தக் கூடின கண்ணாடியில வெளிச்சம் தெறிச்சு ஒவ்வொரு விளக்குக்கும் பக்கத்தில இன்னொரு மங்கல் விளக்கு தெரியலாம். அந்தக் காசுக்கு கமராவைச் சுத்தி விளிம்பு உயர்ந்த கவர் வாங்குங்கோ, போனைக் கிடத்தினா விளிம்புதான் தரையில படவேணும், கண்ணாடி படக்கூடாது.

துடைக்கிறதிலயும் கவனம். சாரத் தலைப்பால அப்பிடியே தேய்க்கிறதுதான் கூடக் கீறும், மண் அதுக்குள்ள ஒட்டிக்கொண்டு அரம் மாதிரி வேலை செய்யும். முதல்ல ஊதுங்கோ, மேட்டு ஓரத்தில நிக்கிற மண்ணை காஞ்ச மெல்லிய பிரஷ்ஷால தட்டி விடுங்கோ, பிறகு நல்ல தண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச மெல்லிய துணியால உப்பைத் துடையுங்கோ. தூசி, தண்ணி தாங்கும் எண்டு காட்டுற ஐபி68 போட்டிருக்கு எண்டு கடலுக்குள்ள இறக்காதேங்கோ, அந்தச் சோதனை நல்ல தண்ணியில செய்யிறது. கண்ணாடி வெடிச்சிட்டா வெடிப்பால ஈரம் உள்ளுக்க போகும், அதைமட்டும் மாத்தித் தருவினமோ எண்டு உடன கேளுங்கோ.

கேள்வி: மோட்டசைக்கிள் ஹாண்டிலில போனைப் பூட்டி மெப் பாக்கிறன், கமராவுக்குப் பிரச்சினை வருமோ?
(வாசகர், கிண்ணியா)

பதில்: வரலாம் தம்பி. படம் ஆடாமல் வர லென்ஸையோ சென்சரையோ உள்ளுக்க காந்தத்தால அசைக்கிற ஸ்டெபிலைசர் இருக்கு, பெரிய எஞ்சின் அதிர்வு தொடர்ந்து பட்டா அது கெட்டுப்போகலாம் எண்டு 2021 இல ஆப்பிளே எச்சரிச்சது. சின்ன பைக், ஸ்கூட்டர் எண்டாலும் அதிர்வைக் குறைக்கிற ஹோல்டர் போடச் சொன்னவை. பொக்கெற்றில வச்சு காதில வழி கேக்கிறது இன்னும் நல்லம்.

கேள்வி: மேடே இல்லாத போன் இப்ப இருக்கோ?
(ஆசிரியை, மூதூர்)

பதில்: 2025 இல வந்த கூகுள் பிக்சல் 9ஏ கிட்டத்தட்டச் சமதளம், ஆனா சென்சர் பிக்சல் 9 இலயும் பாக்கச் சின்னன். பகலில படம் எடுக்கிறதும், பத்திரத்தையும் பாடக் குறிப்பையும் படமெடுத்து வட்சப்பில அனுப்பிறதும்தான் வேலையெண்டா அது தாராளமாக் காணும் அக்கா. பள்ளிக்கூடக் கலைவிழாவில அரைகுறை வெளிச்சத்தில ஆடுற பிள்ளையளை எடுக்கிறதெண்டா மேடு உள்ளதையே வாங்குங்கோ.