முடி துறந்த இளவரசரின் சிகரெட் அட்டை: கேள்வி பதில்

கேள்வி: பழைய பெட்டி ஒன்றில் கிடைத்த சிகரெட் அட்டையில் 'வேல்ஸ் இளவரசர்' என்று மட்டுமே அச்சிட்டிருக்கிறது. அவர் யாரென்று எப்படி அறிவது?

பதில்: சிகரெட் பெட்டிக்குள் விளம்பரமாக வைத்துத் தரப்பட்ட, தொகுப்பு தொகுப்பாக வெளிவந்த சிறு பட அட்டைகள் இவை. முதலில் முகத்தைப் பாருங்கள். பிரிட்டிஷ் அரியணை வாரிசுக்குரிய அந்தப் பட்டத்தை 1901 வரை ஏழாம் எட்வர்டும், அதன்பின் 1910 வரை ஐந்தாம் ஜார்ஜும் வகித்தார்கள். அட்டைகள் புழங்கிய காலத்தில் இருவருமே தாடி வைத்திருந்தவர்கள். மழித்த முகத்துடன் இளைஞராக இருந்தால், 1911 ஜூலை 13 அன்று வேல்ஸிலுள்ள கர்நார்வன் கோட்டையில் முறைப்படி பட்டம் சூட்டப்பட்டு, பின்னாளில் எட்டாம் எட்வர்டு ஆனவரே அவர். முதல் உலகப் போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டால் 1917 முதல் 1922 வரை பிரிட்டனில் அட்டை வெளியீடு நின்றிருந்தது என்பதையும் கணக்கில் கொண்டால், காலத்தை இன்னும் சுருக்கலாம்.

கேள்வி: அரியணையைத் துறந்தவர் என்பதால் அவருடைய அட்டை அரிதாகத்தானே இருக்கும்?

பதில்: இல்லை. அவர் அரசராக இருந்தது 326 நாள்கள்தான் என்றாலும், பட்டத்து இளவரசராக இருந்தது 25 ஆண்டுகளுக்கு மேல். அட்டை வெளியீடு நின்றிருந்த ஆண்டுகள் தவிர, புகையிலை நிறுவனங்கள் அவருடைய படத்தைச் சலிக்காமல் அச்சிட்டன. சர்ச்சை ஆர்வத்தைக் கூட்டும். அட்டைகளின் எண்ணிக்கையைக் குறைக்காது. விலையைத் தீர்மானிப்பவை மடங்காத மூலைகளும், கறையற்ற பின்புறமும், தொகுப்பின் முழுமையும்தான்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. எட்டாம் எட்வர்டின் வாழ்க்கையைச் சொல்லும் தொகுப்பு ஒன்றை வில்ஸ் என்ற புகையிலை நிறுவனம் 1936இல் தயாரித்தது. அவர் டிசம்பரில் முடி துறந்ததால் அது வெளியிடப்படவே இல்லை. தப்பிய பிரதிகளைத்தான் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். முதல் உலகப் போரில் நட்பு நாடாக இருந்த பிரான்சைப் புண்படுத்த வேண்டாமென்று, நெப்போலியனின் பிரெஞ்சுப் படை தோற்ற வாட்டர்லூ போரைப் பற்றிய தொகுப்பை 1915இல் அதே நிறுவனம் நிறுத்தி வைத்ததும் இவ்வகையைச் சேர்ந்ததே. அட்டைச் சேகரிப்பில் உண்மையான அரிய பொருள் பெரும்பாலும் இப்படி வெளிவராமல் போனதாகத்தான் இருக்கும்.

கேள்வி: அட்டையின் பின்குறிப்பில் புகழுரைதான் இருக்கிறது. சர்ச்சையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே?

பதில்: சிகரெட் விற்க அச்சிட்ட விளம்பரம் அது, வேறெதை எதிர்பார்ப்பது? மேலும், விவாகரத்தான அமெரிக்கப் பெண் வாலிஸ் சிம்ப்சனை அவர் மணக்க விரும்பிய விவகாரத்தை அமெரிக்க இதழ்கள் வெளிப்படையாக எழுதிக்கொண்டிருந்தபோதும், பிரிட்டிஷ் நாளிதழ்களே 1936 டிசம்பர் தொடக்கம் வரை வாய் திறக்கவில்லை. டிசம்பர் 10 அன்று அவர் முடிதுறப்புப் பத்திரத்தில் கையெழுத்திட்டுவிட்டார். பத்திரிகைகள் காத்த மௌனத்தை ஒரு புகையிலை நிறுவனம் கலைத்திருக்காது. 1921 நவம்பர் 17 அன்று அவர் பம்பாயில் வந்திறங்கியபோது காங்கிரஸ் நடத்திய புறக்கணிப்பும், அன்று வெடித்த கலவரமும், 1937இல் அவர் ஹிட்லரைச் சந்தித்ததும் அட்டைக்கு வெளியே நாம் படித்தறிய வேண்டியவை. அட்டையை வரலாற்றுச் சான்றாகக் கொள்வதைவிட, அரச குடும்பம் எப்படிக் காட்டப்பட வேண்டுமென்று அன்று விரும்பப்பட்டது என்பதற்கான சான்றாகக் கொள்வதே சரி.

கேள்வி: மறுஅச்சு என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டா?

பதில்: இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டுங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காகிதங்கள் பலவற்றில் வெண்மையூட்டும் வேதிப்பொருள் கலந்திருப்பதால் அவை நீலமாக ஒளிரும். 1930களின் காகிதம் ஒளிராது. ஒளிர்ந்தால் சந்தேகம் உறுதி. ஒளிராவிட்டால் அதுமட்டும் போதாது. உருப்பெருக்கியால் அச்சையும் எழுத்தையும் அசலோடு ஒப்பிட வேண்டும்.

கேள்வி: என் அட்டைகள் ஆல்பத்தில் ஒட்டியிருக்கின்றன. நீரில் ஊறவைத்து எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். 1930களில் பல தொகுப்புகள் ஒட்டுவதற்கென்றே பின்புறம் பசை தடவி வந்தன. ஆல்பங்களும் தனியாக விற்கப்பட்டன. ஊறவைத்தால் பசையோடு மேற்பூச்சும் போகும், அட்டையும் நெளியும். ஆல்பத்தோடு அப்படியே வைத்திருங்கள்.