ஆகஸ்ட் 20 வேண்டாம், ஜூலைக்கு மாற்றுங்கள்

ஆகஸ்ட் 20 அன்று ஐஸ்லாந்தின் கிரிம்சே தீவுக்குப் போய் பஃபின் என்ற கடற்பறவையைப் படம் எடுக்கலாமா, அங்கே கூடு கட்டும் ஆலாக்கள் (இன்னொரு கடற்பறவை) கொத்துமா என்று கேட்டிருக்கிறீர்கள். தேதிதான் சிக்கல். பஃபின்கள் ஏப்ரலில் வந்து, ஆகஸ்ட் முதல் பாதியிலேயே கடலுக்குத் திரும்பிவிடும். நீங்கள் போகும்போது அவை குஞ்சு வளர்க்கும் வளைகள் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். ஜூன் நடுவிலிருந்து ஜூலை முடிவுக்குள் போங்கள்.

வட ஐஸ்லாந்தின் டால்விக் ஊரிலிருந்து தீவுக்குக் கப்பலில் ஏறக்குறைய 3 மணி நேரம். கடல் நன்றாகவே ஆட்டும்; வாந்தி மாத்திரையை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள், குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் பலன் குறைவு. அலை பெரிதானால் கப்பலே ரத்தாகும். அதனால் திரும்பும் விமானத்துக்கு முதல் நாள் இந்தப் பயணத்தை வைக்காதீர்கள். முடிந்தால் ஓர் இரவு தங்குங்கள். பகலில் பஃபின்கள் பெரும்பாலும் கடலில் இரை தேடும். மாலையில்தான் பாறை விளிம்பில் கூட்டமாக வந்து நிற்கும். உங்களிடம் உள்ள 70-200 மி.மீ. ஜூம் லென்ஸே போதும்.

விளிம்புக்கு நெருங்கிப் போகாதீர்கள், தயவுசெய்து. புல்லுக்கு அடியில் பஃபின் வளை தோண்டியிருக்கும்; மிதித்தால் மண் உள்வாங்கும், உள்ளே குஞ்சும் நசுங்கும்.

ஜூலையில் ஆலா கொத்த வாய்ப்பு அதிகம், ரத்தம்கூட வரலாம். அது உங்களிடம் உயரமாக இருப்பதைத்தான் தாக்கும். தொப்பி போட்டு, ஒரு குச்சியைத் தலைக்கு மேல் அசைக்காமல் பிடித்தபடி நடங்கள். வீசி விரட்ட வேண்டாம். பாதையை விட்டு இறங்கினால் தரையில் கிடக்கும் முட்டையை மிதித்துவிடுவீர்கள். புள்ளி போட்ட அந்த முட்டை கண்ணுக்கே தெரியாது.