ஆய்வுக்குப் பரிசு யாருக்கு? தாவரச் சூழலியல் கேள்வி பதில்

(வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட மாணவர்களும் ஆசிரியர்களும் கேட்டவை. பதில் சொல்பவர், ஆய்வுப் போட்டிகளில் நடுவராக இருந்த ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர்.)

கேள்வி: ஐயா, ஜவ்வாது மலையில் நூற்றுக்கும் மேற்பட்ட மூலிகைகளைப் பட்டியலிட்டோம். ஆறுதல் பரிசுகூட இல்லையே?

பதில்: பட்டியல் எடுப்பது மட்டமான வேலை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சூழலியல், ஒரு செடி இங்கே ஏன் இருக்கிறது, எதிர்ச்சரிவில் ஏன் இல்லை என்று கேட்கும். ஆடு மேயும் சரிவையும் மேயாத சரிவையும் ஒப்பிட்டிருந்தால் அதே உழைப்பு ஆய்வாகியிருக்கும். நடுவர்கள் எண்ணிக்கைக்கு மயங்குவதில்லை, மயங்கவும் கூடாது.

கேள்வி: உண்ணிச்செடிப் புதருக்குள் 10 குவாட்ரட் (செடிகளை எண்ணுவதற்காகத் தரையில் போடும் சதுரச் சட்டம்), வெளியே 10 போட்டோம். நடுவர், "உங்கள் மாதிரி ஒன்றுதான்" என்றார். அநியாயம் அல்லவா?

பதில்: அவர் சொன்னது சரி. பத்தும் ஒரே புதருக்குள் இருந்தால் அந்த ஒரு புதரைப் பத்து முறை அளந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். இந்தப் பிழையை 1984இல் சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் விரிவாக எடுத்துக்காட்டினார். இன்றும் மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். தள்ளித் தள்ளி இருக்கும் வெவ்வேறு புதர்களுக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று போதும். இன்னொரு சிக்கலும் உண்டு. உண்ணி வந்ததால் மற்ற செடிகள் குறைந்தனவா, ஏற்கெனவே சிதைந்த இடத்தில் உண்ணி குடியேறியதா? அளவெடுப்பு மட்டும் இதைச் சொல்லாது. வனத்துறை அனுமதியோடு சில புதர்களை வெட்டி, சிலவற்றை விட்டுவைத்து, பருவம் தோறும் பார்க்க வேண்டும்.

கேள்வி: காட்டுக்குள் போக அனுமதி கிடைக்கவில்லை ஐயா. சந்தனத்தைப் பற்றி எதுவும் செய்ய முடியாதா?

பதில்: கல்லூரி வளாகமே போதும் அம்மா. சந்தனம் பாதி ஒட்டுண்ணி. தன் இலையில் உணவு தயாரித்தாலும், வேரால் பக்கத்துச் செடியைப் பற்றி நீரும் சத்தும் எடுக்கும். நாற்றங்காலில் துவரையைத் துணைச்செடியாக வைப்பது அதனால்தான். சில தொட்டிகளில் சந்தனம் தனியாக, சிலவற்றில் துவரையோடு, இன்னும் சிலவற்றில் துவரையோடு வைத்து நடுவில் வேர் தாண்டாத தடுப்பு. மூன்றாவது வகையை விட்டுவிடாதே. துவரையின் நிழல் உதவியதா, வேர்த்தொடர்பு உதவியதா என்பதைப் பிரித்துக் காட்டுவது அதுதான்.

கேள்வி: எதிர்பார்த்த முடிவு வரவில்லை. சொன்னால் பரிசு போய்விடுமா?

பதில்: மறைத்தால்தான் போகும்.

கேள்வி: வெளிநாடுகளில் மாணவர் ஆய்வை எப்படிப் பாராட்டுகிறார்கள்?

பதில்: அமெரிக்கச் சூழலியல் கழகம் தன் ஆண்டுக் கூட்டத்தில் சிறந்த மாணவர் உரைக்கு சூழலியலாளர் முர்ரே பியூல் பெயரிலும், சிறந்த ஆய்வுச் சுவரொட்டிக்கு லூசி பிரவுன் பெயரிலும் விருது தருகிறது. பிரவுன் அம்மையார் கிழக்கு அமெரிக்க இலையுதிர் காடுகளை நடந்து நடந்து படித்தவர். 1950இல் அந்தக் கழகத்துக்குத் தலைவரான முதல் பெண்ணும் அவரே.

கேள்வி: எங்கள் கல்லூரியில் போட்டி நடத்துகிறோம். நடுவர்களுக்கு என்ன சொல்லலாம்?

பதில்: வழிகாட்டி ஆசிரியரைத் தேநீர் குடிக்க அனுப்பிவிட்டு மாணவரிடம் பேசச் சொல்லுங்கள். "இந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தாய்?" என்று முதலில் கேட்கட்டும். "பஸ் வசதி இருந்தது" என்று சொன்னால் மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம். அது முடிவை எப்படிப் பாதித்திருக்கும் என்று அடுத்துக் கேளுங்கள். களக்குறிப்பேட்டையும் மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள். வண்ணப்படம் அச்சடித்த பளபளப்புக்குத் தனி மதிப்பெண் வேண்டவே வேண்டாம்.