அமெரிக்க லேப்டாப்புக்கு நம்மூர் சார்ஜர் போட்டால் போர்டு போய்விடுமா?

கேள்வி: அண்ணன் மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து கொடுத்த லேப்டாப்பை என் மகள் மூன்று வருடமாகக் கல்லூரிக்குப் பயன்படுத்துகிறாள். போன மாதம் சார்ஜர் வேலை செய்யாமல் நின்றுவிட்டது. "அது 110 வோல்ட் நாட்டு மெஷின், இங்கே 230இல் போட்டதால்தான் எரிந்தது" என்று சொல்லி, 1,600 ரூபாய்க்கு ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். கூடவே ஒரு சார்ஜரும் கொடுத்தார். பழையதில் 19.5 வோல்ட், 3.34 ஆம்ப் என்று இருக்கிறது. புதியதில் 19 வோல்ட், 4.74 ஆம்ப். ஆம்ப் கூடினால் போர்டு எரிந்துவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரர் பயமுறுத்துகிறார். போட்டுப் பார்த்தோம். லேப்டாப் ஓடுகிறது, சார்ஜ் ஏறவில்லை. ஆன் செய்யும்போது திரையில் அடாப்டர் பற்றி ஏதோ எச்சரிக்கை வருகிறது. திரும்பக் கொண்டுபோனால், "மதர்போர்டு போயிடுச்சு, 9,500 ஆகும்" என்கிறார். என்ன செய்வது? (வாசகி, கும்பகோணம்)

பதில்: அந்த 9,500 ரூபாயைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் போர்டு போயிருக்க வாய்ப்பு குறைவு. டிரான்ஸ்ஃபார்மர் நிச்சயமாகத் தேவையில்லை.

முதலில் 110 கதை. அமெரிக்க வீடுகளில் வருவது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அது உண்மைதான். ஆனால் லேப்டாப் சார்ஜர் செய்கிறவர்கள் நாட்டுக்கு ஒன்றாகச் செய்துகொண்டிருப்பதில்லை. பழைய சார்ஜரை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். கறுப்பு பிளாஸ்டிக்கில் சாம்பல் நிறத்தில், எறும்பு மாதிரி எழுத்தில், 'இன்புட்' என்ற வரி இருக்கும். (யார் படிக்கக் கூடாது என்று இப்படி அச்சடிக்கிறார்களோ!) அதில் 100 முதல் 240 வோல்ட் வரை, 50/60 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால் விஷயம் முடிந்தது. சான் பிரான்சிஸ்கோவிலும் ஓடும், சாக்கோட்டையிலும் ஓடும். சாயங்காலம் நம் லைன் 180க்கு இறங்கினாலும் தாங்கும். மூன்று வருடம் இங்கே 230இல் ஓடிய சார்ஜரைப் பார்த்து, 230 தாளாமல் எரிந்தது என்று ஒருவர் சொல்வதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அப்படி எரிகிற சாமான்கள் உண்டு. அமெரிக்க மிக்சி, ரைஸ் குக்கர், ஹேர் டிரையர். அவற்றின் அடியில் 120 வோல்ட் என்று ஒரே எண் மட்டும் இருக்கும். நம்மூர் பிளக்கில் சொருகினால் போச்சு. பழைய மேசைக் கணினிகளின் பின்பக்கம் 115, 230 என்று தள்ளுகிற சிவப்பு ஸ்விட்ச் ஒன்று இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அதை 115இல் விட்டுவிட்டு இங்கே ஆன் செய்தால் 'டப்' என்று ஒரு சத்தம், அப்புறம் கருகல் வாடை. லேப்டாப் சார்ஜர் அந்த ஜாதி இல்லை.

பிறகு ஏன் நின்றது? உங்கள் அண்ணன் மகன் கொண்டுவந்தது அமெரிக்க பின் உள்ள கயிறு. அதற்கு முப்பது, நாற்பது ரூபாய்க்கு ஒரு கன்வெர்ட்டர் பின் வாங்கி மாட்டியிருப்பீர்கள். அது ஆடும். ஆடுகிற இடத்தில் பொறி பறக்கும், சூடாகும், மின்சாரம் விட்டுவிட்டு வரும். சார்ஜருக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது. போதாக்குறைக்கு அந்தக் கன்வெர்ட்டர்களில் பலவற்றில் எர்த் இணைப்பே இருக்காது. லேப்டாப்பின் உலோக மூடியைத் தடவும்போது விரலில் சுர்ரென்று இழுக்கிறதா என்று மகளிடம் கேளுங்கள். ஆமாம் என்றால் எர்த் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். சார்ஜர் பெட்டியில் சொருகும் பக்கம் மூன்று ஓட்டை, சுவர்ப் பக்கம் நம்மூர் மூன்று பின் உள்ள பவர் கார்டைக் கடையில் தனியாகவே விற்கிறார்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்கி, பழைய சார்ஜரை அதில் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். சார்ஜர் இன்னும் உயிரோடு இருக்கலாம். இதை முதலில் செய்யச் சொல்லாதவர் உங்களுக்கு ரிப்பேர் பார்க்கவில்லை, வியாபாரம் பார்க்கிறார்.

இப்போது பக்கத்து வீட்டுக்காரரின் ஆம்ப் பயம். ஊரில் பாதிப் பேருக்கு இந்தப் பயம் இருக்கிறது. பந்தியில் சாம்பார் பரிமாறுகிறவர் கையில் உள்ள வாளி எவ்வளவு பெரியது என்பதுதான் ஆம்ப். வாளி பெரியது என்பதற்காக உங்கள் இலையில் குளம் கட்டாது; போதும் என்று கையைக் காட்டினால் அவர் அடுத்த இலைக்குப் போய்விடுவார். லேப்டாப்பும் தனக்கு வேண்டிய அளவுதான் இழுத்துக்கொள்ளும். 3.34 தேவைப்படும் இடத்தில் 4.74 தரக்கூடிய சார்ஜர் இருந்தால் அது சும்மா நிதானமாக வேலை செய்யும், அவ்வளவுதான். ஆபத்து தலைகீழ் நிலையில்தான். வோல்ட்டையும் ஆம்பையும் பெருக்கினால் வருவது வாட். 65 வாட் கேட்கிற லேப்டாப்புக்கு 45 வாட் சார்ஜர் போட்டால், சின்ன வாளியோடு முழுப் பந்தியையும் ஓட்டுகிறவர் மாதிரி அது மூச்சு வாங்கும். நல்ல சார்ஜர் என்றால் தானே நின்றுகொள்ளும். மட்டமானது சூடாகி உருகும்.

வோல்ட் அப்படியில்லை. அது நீங்கள் கேட்டு வருவதல்ல, திணிக்கப்படுவது. 19.5க்குப் பதில் 19 இருப்பதால் ஒன்றும் கெடாது. அரை வோல்ட்டை லேப்டாப் கண்டுகொள்ளாது. ஆனால் முனை பொருந்துகிறதே என்று 24 வோல்ட் பிரிண்டர் அடாப்டரைச் சொருகினால் உண்மையிலேயே போர்டு போகும். முனையின் உள்பக்கம் பிளஸ், வெளிப்பக்கம் மைனஸ் என்று லேபிளில் ஒரு சின்ன வட்டப்படம் இருக்கும். இரண்டு சார்ஜரிலும் அது ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சரி, வோல்ட் சரி, ஆம்ப் சரி, பின்னே ஏன் சார்ஜ் ஏறவில்லை? இங்கேதான் கடைக்காரர் உங்கள் தலையில் மிளகாய் அரைக்கிறார்.

உங்கள் பழைய சார்ஜரின் முனையை உற்றுப் பாருங்கள். உருளையான அந்த முனைக்குள் நட்டநடுவில் ஊசி மாதிரி ஒரு மெல்லிய கம்பி நிற்கிறதா? டெல், எச்பி லேப்டாப்புகளில் பலவற்றுக்கு இது உண்டு. பார்க்கிறவர்கள் அதுதான் பிளஸ் என்று நினைப்பார்கள். மின்சாரம் போவது உருளையின் உள்சுவரிலும் வெளிச்சுவரிலும். நடு ஊசி பேசுவதற்கு. டெல்லை எடுத்துக்கொண்டால், சார்ஜருக்குள் ஒரு பொடி சிப் இருக்கும். "நான் இன்ன வகை, 65 வாட்" என்று அது அந்த ஊசி வழியாக லேப்டாப்பிடம் சொல்லும். லேப்டாப் அதைக் கேட்டுக்கொண்ட பிறகுதான் பேட்டரிக்குச் சார்ஜ் விடும். பதில் வரவில்லை என்றால், வந்தவன் யாரோ, எவ்வளவு தாங்குவானோ என்று அதற்குச் சந்தேகம். உடனே மூன்று காரியம் செய்யும். ஆன் ஆகும்போது அடாப்டர் வகை தெரியவில்லை என்று எச்சரிக்கை காட்டும். பேட்டரியை ஏற்றாது. வேகத்தைக் குறைத்துக்கொண்டு மந்தமாக ஓடும். நீங்கள் எழுதியிருப்பது அப்படியே இதுதான். உங்கள் மகள் ஒருவேளை, "இப்போதெல்லாம் ரொம்ப ஸ்லோ" என்றும் சொல்லியிருப்பாள்.

பொதுவாக விற்கிற சார்ஜர்களில் அந்த சிப் இருக்காது. இருந்தாலும் லேப்டாப் ஏற்காத மாதிரி ஏதோ ஒன்று இருக்கும். சில சமயம் சார்ஜர் அசலாகவே இருக்கும், ஊசி மட்டும் வளைந்திருக்கும். அல்லது முனைக்குப் பக்கத்தில் கயிறு மடங்கி மடங்கி, உள்ளே மூன்று கம்பிகளில் மெல்லியதான அந்தப் பேச்சுக் கம்பி மட்டும் அறுந்திருக்கும். அப்போதும் இதே எச்சரிக்கை, இதே கோளாறு. லேப்டாப் பக்கம் சொருகும் ஜாக்கில் ஊசி தொடாமல் இருந்தாலும் இதே கதைதான். அந்த ஜாக் பல மாடல்களில் ஒரு சின்னக் கயிறோடு தனி உதிரியாக வருகிறது, மாற்றிவிடலாம். இத்தனையையும் தாண்டிய பிறகுதான் மதர்போர்டைச் சந்தேகப்பட வேண்டும்.

இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். உங்களுடையது டெல் என்றால் ஆன் செய்தவுடன் எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். உள்ளமைப்புப் பக்கம் திறக்கும். அதில் பேட்டரி விவரம் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், எத்தனை வாட் அடாப்டர் மாட்டியிருக்கிறது என்று காட்டும். கடைக்காரர் கொடுத்ததை மாட்டினால் தெரியவில்லை என்று வரும். தெரிந்தவர் யாரிடமாவது அதே கம்பெனியின் அசல் சார்ஜர், அதே முனையுடன், 65 அல்லது 90 வாட்டில் இருந்தால் பத்து நிமிடம் இரவல் வாங்கி மாட்டுங்கள். வாட் சரியாக வந்து சார்ஜும் ஏறினால், போர்டு ஆரோக்கியமாக இருக்கிறது. அந்தக் கடைக்கு மறுபடி போகவே வேண்டாம். போனால் கொடுத்த சார்ஜரைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்க மட்டும் போங்கள்.

கம்பெனிகள் இந்த ஊசியைப் பாதுகாப்புக்காக வைத்திருப்பதாகச் சொல்கின்றன. பாதி உண்மை. தங்கள் சார்ஜரையே வாங்க வைப்பது மீதிப் பாதி. ஐரோப்பிய ஒன்றியம் லேப்டாப்புக்கும் டைப்-சி என்று 2026 ஏப்ரல் 28 முதல் கட்டாயமாக்கச் சட்டம் போட்டுவிட்டது. நம் நாட்டில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் டைப்-சிக்கு ஒரு தரநிலையை 2023 ஜனவரியிலேயே வெளியிட்டது. வீட்டு அலமாரியில் ஆறு வகை சார்ஜர் கிடப்பது மட்டும் மாறவில்லை. உங்களுடையது டைப்-சி இல்லை என்பதால் அந்தப் பேச்சுக்குள் போகவில்லை.

அசல் என்று நம்பி எதை வாங்குவது? "ஒரிஜினல்" என்ற சொல்லுக்குக் கடைத்தெருவில் அர்த்தமே போய்விட்டது. ஒரிஜினல், டூப்ளிகேட் ஒரிஜினல், ஏ ஒன் ஒரிஜினல் என்று மூன்று விலை சொல்வார்கள். ஒருமுறை கம்பெனிப் பெயர் அச்சிட்ட அடாப்டர் ஒன்றை மேசையில் வைத்துப் பிளந்தேன். பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில், வேறு ஏதோ பாகத்தின் காலிலிருந்து வெட்டிய கம்பித் துண்டு ஒன்றைப் பற்றவைத்திருந்தார்கள். ஷார்ட் ஆனால் நிறுத்த ஆளில்லை. லேபிள் மட்டும் அசலைவிட அழகாக இருந்தது.

ஆகவே லேபிளைப் படிப்பதோடு சோதிக்கவும் வேண்டும். வோல்ட்டையும் ஆம்பையும் பெருக்குங்கள். 19.5ஐ 3.34ஆல் பெருக்கினால் 65 வருகிறது. உங்கள் புதியதில் 19ஐ 4.74ஆல் பெருக்கினால் 90. லேபிளில் போட்ட வாட்டுக்கும் பெருக்கலுக்கும் ஒத்துவராத போலிகள் நிறைய உண்டு. அச்சடித்தவருக்கே கணக்குத் தெரியாது. அடுத்து, லேப்டாப் அடாப்டர்கள் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் கட்டாயம் பதிவு செய்யப்பட வேண்டியவை. 2012இல் வந்த ஆணையின் பட்டியலில் 2014இல் இவற்றைச் சேர்த்தார்கள். லேபிளில் ஆர் என்ற எழுத்தும் எட்டு இலக்கமும் இருக்கும். 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனி, எந்தப் பொருள் என்று வந்துவிடும். கடையில் நின்றுகொண்டே பாருங்கள். சட்டம் போட்டவர்கள் கடைக்கு வந்து பார்த்திருந்தால் இந்த வேலை உங்களுக்கு இருந்திருக்காது. உங்கள் பழையது அமெரிக்காவில் வாங்கியது என்பதால் அதில் இந்த எண் இல்லாமல் போகலாம், அது குற்றமில்லை. ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள். பில் போட்டால் விலை கூடும் என்று சொல்லும் இடத்தில், பொருள் கெட்டால் மாற்றித் தரவும் மாட்டார்கள்.

பேட்டரி பற்றி நீங்கள் கேட்கவில்லை. போர்டுக்கு நீங்கள் மசியாவிட்டால் கடைக்காரர் அடுத்து, "பேட்டரி வீக்" என்று ஆரம்பிப்பார். சரியான சார்ஜர் வந்து ஒரு நாள் முழுக்கப் பார்க்கும் வரை பேட்டரியைத் தொட விடாதீர்கள். அடிப்பக்கம் உப்பி, மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடுகிறது என்றால் மட்டும் உடனே நிறுத்திக் கழற்றச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பழைய சார்ஜரை அந்தக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் இன்றைக்கே போய் வாங்கிவந்துவிடுங்கள். மூன்று பின் கார்டில் சோதிக்க அது வேண்டும். புதியது வாங்கும்போது முனையை ஒப்பிடவும் அதுதான் வேண்டும். செத்த அசல் சார்ஜரின் மேல்கூட்டுக்குள் மட்டமான சரக்கை வைத்து ஒட்டி விற்றதையும் பார்த்திருக்கிறேன்.