டிஜிட்டல் வீடியோ கேம்களை மறுவிற்பனை செய்ய அனுமதிக்க வேண்டுமா?

பதிவிறக்கி வாங்கிய கேமை ஆடி முடித்தபின் மற்றவருக்கு விற்கும் உரிமை வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. வட்டில் வாங்கியதைத் தடையின்றி விற்கலாம். அதே விலைக்குப் பதிவிறக்கியதோ, நிறுவனம் தருவது பயன்பாட்டு உரிமம் மட்டுமே என்ற ஒப்பந்த விதியால், வாங்கியவரின் கணக்கிலேயே முடங்கிவிடுகிறது.

காலவரம்பற்ற உரிமத்துடன் பதிவிறக்கிய மென்பொருளை மறுவிற்பனை செய்யலாம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2012இல், ஆரக்கிள் நிறுவனம் தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது. கணினி கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் பாரிஸ் நீதிமன்றமும் 2019இல் விளையாடுவோர் பக்கமே நின்றது. ஆனால் கேம் என்பது மென்பொருளோடு இசை, ஓவியம், கதை ஆகியவையும் கலந்த படைப்பு என்பதால் அந்த விதி பொருந்தாது என்று கூறி, மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022இல் அத்தீர்ப்பை மாற்றிவிட்டது.

டிஜிட்டல் பிரதி தேய்வதில்லை, ஆகவே புதிய விற்பனை சரியும் என்ற படைப்பாளிகளின் அச்சம் நியாயமானது. சில மணி நேரத்தில் முடியும் கதை கேம்களை உருவாக்கும் சிறு குழுக்களுக்கு அது பேரிடி. எனவே வெளியாகிச் சில மாதங்களுக்குப் பிறகே மறுவிற்பனை, அதிலும் ஒரு பங்கு படைப்பாளிக்கு என்று விதிக்கலாம். தொழில்நுட்பம் இதற்குத் தடையில்லை: பணத்தைத் திருப்பித் தரும்போது ஸ்டீம் அந்த கேமை நம் கணக்கிலிருந்து இப்போதே நீக்கிவிடுகிறது; அதை இன்னொருவர் கணக்கில் சேர்ப்பது பெரிய வேலையன்று.