பூமியும் பேரழிவுகளும்: கேள்வி பதில்

நிலத்தின் இன்றைய வடிவம் மெல்ல மெல்ல உருவானதா, திடீர்ப் பேரழிவுகளால் உருவானதா? நிலவியலாளர்கள் 200 ஆண்டுகளுக்கு மேல் வழக்காடிய இந்த விஷயம் குறித்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பேரழிவுக் கொள்கையை முன்வைத்த கூவியே, பைபிளில் வரும் பிரளயத்தை நிரூபிக்கத்தானே அப்படிச் சொன்னார்?

இல்லை. அவர்மேல் சுமத்தப்பட்ட அநியாயமான பழி இது. பிரெஞ்சு விலங்கியலாளர் ஜார்ஜ் கூவியே, பிரோன்யார் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து பாரிஸைச் சுற்றியுள்ள பாறைகளை அடுக்கடுக்காக ஆராய்ந்தவர். ஓர் அடுக்கில் கடற்சிப்பிகள், அதற்கு மேல் நன்னீர் நத்தைகள், அதற்கும் மேல் மறுபடியும் கடற்சிப்பிகள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் படிப்படியாக மாறிய தடயம் அவர் கண்ணில் படவில்லை. 1796இல் மாமூத் எலும்புகளை இன்றைய யானைகளின் எலும்புகளோடு ஒப்பிட்டு, அது பூண்டோடு அழிந்துபோன இனம் என்று காட்டியவரும் அவரே. பாறை காட்டியதை அப்படியே எழுதினார். அதில் ‘புரட்சிகள்’, அதாவது திடீர்ப் பெருமாற்றங்கள், வந்தன.

பைபிளை உள்ளே நுழைத்தது அவருடைய நூலுக்கு 1813இல் வெளியான ஆங்கிலப் பதிப்பு. எடின்பரோப் பேராசிரியர் ராபர்ட் ஜேம்சன் அதற்கு எழுதிய முன்னுரையும் குறிப்புகளும் அந்த வேலையைச் செய்தன. பிரளயத்தை உண்மையிலேயே நம்பி எழுதிய இங்கிலாந்து நிலவியலாளர்களும் பிடிவாதக்காரர்கள் அல்ல. ஆடம் செட்ஜ்விக் 1831இல் அந்தக் கருத்தை வெளிப்படையாகக் கைவிட்டார். வில்லியம் பக்லண்ட் பின்னாளில், வெள்ளத்தின் வேலை என்று தாம் நினைத்தவற்றைப் பனியாறுகளின் வேலை என்று ஏற்றுக்கொண்டார்.

கேள்வி: ‘நிகழ்காலமே கடந்த காலத்தின் திறவுகோல்’ என்று படித்திருக்கிறோம். லயல் சொன்னது சரிதானே?

பாதி சரி. இன்று மெல்ல நடக்கும் மாற்றங்களே பழைய நிலத்தையும் உருவாக்கின என்பது அதன் பொருள். பிரிட்டிஷ் நிலவியலாளர் சார்லஸ் லயல் சட்டம் படித்து வழக்கறிஞராக இருந்தவர். 1830 முதல் 1833 வரை மூன்று பாகங்களாக வந்த அவருடைய நிலவியல் நூலில் அந்த வாதத்திறமை பக்கத்துக்குப் பக்கம் தெரியும். அதன் முகப்புப் படத்தைப் பாருங்கள். இத்தாலியில் பொசுவோலி ஊரில் ரோமானியர் காலத்துப் பளிங்குத் தூண்கள் மூன்று நிற்கின்றன. அடியிலிருந்து ஏறத்தாழ 12 அடி உயரம் வரை வழுவழுப்பு. அதற்கு மேல் ஒன்பது அடி அளவுக்குத் தூணைச் சுற்றிலும் துளைகள். கல்லைக் குடையும் கடற்சிப்பிகள் போட்ட துளைகள். அப்படியானால் அந்த நிலம் கடலுக்குள் இறங்கி, மீண்டும் மேலே வந்திருக்க வேண்டும். தூண்களோ சாயாமல் நிற்கின்றன. மனித வரலாற்றுக்குள்ளேயே, ஆரவாரம் இல்லாமல், நிலம் இவ்வளவு ஏறி இறங்கும் என்றால் மலைகளை எழுப்பத் தனியாக ஒரு பிரளயம் எதற்கு? படிக்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கும் வாதம் இது.

சிக்கல் என்னவென்றால், அவர் இரண்டு வேறு கருத்துகளை ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார். இயற்கை விதிகள் என்றும் மாறுவதில்லை என்பது ஒன்று. அது இல்லாமல் எந்த அறிவியலும் நடக்காது. கூவியேவும் அதை மறுக்கவில்லை. மாற்றத்தின் வேகமும் என்றும் ஒரே அளவுதான் என்பது மற்றொன்று. இது பாறையைப் பார்த்துச் சோதிக்க வேண்டிய கூற்று. முதலாவதை ஏற்றவர்கள் இரண்டாவதையும் சேர்த்தே விழுங்கினார்கள். பூமி சுழற்சியாகவே இயங்குகிறது என்ற நம்பிக்கையில் லயல் எவ்வளவு தூரம் போனார் தெரியுமா? தட்பவெப்பம் பழையபடி திரும்பினால் இகுவானடான் என்ற டைனோசர் போன்ற பிராணிகள்கூட மறுபடி காடுகளில் தோன்றலாம் என்று எழுதினார்! மெல்ல மாறியது என்ற தரப்புக்கும் பேரழிவு என்ற தரப்புக்கும் இன்று வழங்கும் ஆங்கிலப் பெயர்களை 1832இல் சூட்டியவர் வில்லியம் ஹியூவெல்.

கேள்வி: லயலின் கொள்கையால் உண்மையில் யாராவது பாதிக்கப்பட்டார்களா?

ஹார்லன் பிரெட்ஸ் என்ற அமெரிக்க நிலவியலாளர். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் பசால்ட் (எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை) வெளியொன்று இருக்கிறது. மேல்மண் உரிக்கப்பட்டு, ஆறே இல்லாத பள்ளத்தாக்குகள் குறுக்கும் நெடுக்கும் வெட்டிக் கிடக்கின்றன. அதில் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் அகலமும் 120 மீட்டர் உயரமும் கொண்ட செங்குத்துச் சரிவு. சொட்டுத் தண்ணீர் விழாத அருவி. பிரெட்ஸ் அங்கே கோடைக்குக் கோடை நடந்தே அளந்து, 1923இல் முடிவைச் சொன்னார்: கற்பனைக்கு எட்டாத ஒரு பெருவெள்ளம் குறுகிய காலத்தில் இதைச் செதுக்கியிருக்கிறது.

1927இல் வாஷிங்டன் நகரில் ஒரு கூட்டத்துக்கு அழைத்து, மூத்த நிலவியலாளர்கள் வரிசையாக எழுந்து மறுத்தார்கள். அவர்களில் பலர் அந்த இடத்தைப் பார்த்ததுகூட இல்லை. ‘அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது?’ என்பது நியாயமான கேள்வி. ஆனால் அதன் பின்னால் வேறொரு அச்சம் இருந்தது: நூறு ஆண்டு போராடி வெளியேற்றிய பிரளயம் கொல்லைப்புறமாக நுழைகிறதோ என்ற அச்சம்.

விடை கையருகே இருந்தது. மொன்டானாவில் பனியுகக் காலத்து மிசூலா ஏரி பற்றி ஜோசப் பார்டி 1910இலேயே எழுதியிருந்தார். பனியாறு ஒன்று ஆற்றை மறித்து அணையாக நின்றதால் தேங்கிய ஏரி அது. 1930 வாக்கில் பிரெட்சும் அதைச் சுட்டிக்காட்டினார். பிறகு பார்டி, அந்த ஏரிப் படுகையில் கமாஸ் சமவெளியின் மேடுகள் எப்படி வந்தன என்று விளக்கினார். ஆற்று மணலில் விரற்கடை உயரத்துக்கு அலைவரிகள் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே அதே வரிகள் சரளைக்கல்லில், பத்து மீட்டர் வரை உயரத்தில் இருக்கின்றன. தரையில் நிற்பவருக்கு வெறும் மேடாகத் தெரிவது, வானிலிருந்து எடுத்த படத்தில் அலைவரியாகத் தெரியும். ஏரி சட்டென்று வடிந்தாலொழிய அப்படி வரி விழாது.

1965இல் பன்னாட்டு நிலவியலாளர் குழு ஒன்று அங்கே சுற்றிப் பார்த்துவிட்டு, ‘இப்போது நாங்கள் எல்லோரும் பேரழிவுவாதிகள்’ என்ற பொருள்பட பிரெட்சுக்குத் தந்தி அனுப்பியது. 1979இல் அமெரிக்க நிலவியல் சங்கத்தின் பென்ரோஸ் பதக்கம் கிடைத்தபோது அவருக்கு வயது 96. அது ஒரே வெள்ளமும் அல்ல. அணை உடைந்து, மீண்டும் உருவாகி, மீண்டும் உடைந்து, பல பத்து முறை வெள்ளம் வந்தது என்று பின்வந்தவர்கள் வண்டல் அடுக்குகளை எண்ணிக் காட்டினார்கள்.

கேள்வி: டைனோசர்களை அழித்தது விண்கல்லா, தக்காணத்து எரிமலைகளா?

என் கணிப்பில் முதல் குற்றவாளி விண்கல். 1980இல் லூயிஸ் ஆல்வாரெசும் அவர் மகன் வால்டரும், அசாரோ, மிஷேல் ஆகியோரும், இத்தாலியின் குப்பியோ அருகே, டைனோசர் காலம் முடியும் இடத்தில் படிந்த, ஒரு சென்டிமீட்டர் அளவே தடித்த களிமண் அடுக்கில் இரிடியம் வழக்கத்தைவிட 30 மடங்கு இருப்பதை அறிவித்தார்கள். பூமியின் மேலோட்டில் அரிதான, விண்கற்களில் மிகுந்த உலோகம் அது. பிறகு மெக்சிகோவின் யுகடானில் ஏறத்தாழ 180 கிலோமீட்டர் அகலமுள்ள சிக்சுலுப் பள்ளமும் அடையாளம் காணப்பட்டது. வயது 6.6 கோடி ஆண்டு. தக்காணத்து எரிமலைக் குழம்பு வழிந்ததும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். அதில் எவ்வளவு மோதலுக்கு முன், எவ்வளவு பின் என்பதில் துல்லியமான ஆய்வுகளே ஒன்றோடொன்று முரண்படுகின்றன. அந்த வழக்கு முடியவில்லை.

கேள்வி: அப்படியானால் லெமூரியா கடலில் மூழ்கியதையும் ஏற்கலாமா?

முடியாது. 1864இல் விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர் லெமூரியாவைக் கற்பனை செய்தது, மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் காணும் உயிரினங்களின் உறவை விளக்க. கண்டங்கள் நகர்ந்தன என்று தெரிந்ததும் அந்தத் தேவை போய்விட்டது. கண்டப் பாறை கடலடிப் பசால்ட்டைவிட லேசானது. ஒரு கண்டம் முழுதாக ஆழ்கடலுக்குள் அமிழாது. ஆனால் சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது பாக் நீரிணை தரை. தமிழகமும் இலங்கையும் ஒரே நிலம். பனி உருகி நீர் ஏறியதில் பழைய கரையோரங்கள் கடலுக்குள் போனது உண்மை.

கேள்வி: ஒரு பேரழிவுக் கதை அறிவியலா, கட்டுக்கதையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எங்கே போய், எதைத் தோண்டினால் தெரியும் என்று அது சொல்கிறதா என்று பாருங்கள். ஆல்வாரெஸ் கொள்கை உலகெங்கும் அந்த அடுக்கில் இரிடியம் இருக்கும் என்றது, இருந்தது. 1950இல் வெலிகோவ்ஸ்கி என்ற எழுத்தாளர், வெள்ளிக் கோள் வியாழனிலிருந்து வெளிப்பட்டுப் பூமியை உரசிச் சென்றது என்று பழம்புராணங்களை மட்டும் வைத்து எழுதினார். அதற்கு இயற்பியல் விதிகளையே வளைக்க வேண்டியிருந்தது.

கேள்வி: இந்தியாவில் இப்படி ஓர் இடத்தைப் பார்க்க முடியுமா?

மகாராஷ்டிராவின் புல்தானா மாவட்டத்தில் உள்ள லோணார் ஏரிக்குப் போங்கள். ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர் குறுக்களவுள்ள வட்டப் பள்ளம். நெடுங்காலம் எரிமலை வாய் என்றே எண்ணினார்கள். கடும் மோதல் அதிர்வில் மட்டுமே உண்டாகும் ஒருவகைக் கண்ணாடி அங்கே இருப்பதை 1973இல் அறிவித்த பிறகுதான் விண்கல் மோதிய இடம் என்பது உறுதியானது. விளிம்பில் இறங்கும்போது பாறை அடுக்குகள் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருப்பதைக் கவனியுங்கள். மோதலின் விசை அவற்றை அப்படித் தூக்கிப் புரட்டியது.